வாரக் கூட்டமும் வந்து போகும் விருந்தினரும்

யாழ். நகரில் இயங்கும் சேவைக் கழகமொன்றின் வாராந்தக் கூட்டத்துக்கு அண்மையில் நாம் விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தோம். குடாநாட்டின் சுற்றுலாத்துறை எவ்வாறு மீண்டெழலாம் என்பது அன்றைய உரைக்குத் தரப்பட்டிருந்த பொருள். தலைவர் மணியை ஒலித்துக் கூட்டத்தை ஆரம்பித்தார். வருகை பதியப்பட்டது. சென்ற வார அறிக்கை வாசிக்கப்பட்டது. அதன் பின்னர் தலைவர் ஓர் அங்கத்தவரைப் பார்த்து, "போன கிழமை பொறுப்பெடுத்த அலுவல் என்ன மாதிரி?" என்று கேட்டார். தீவகத்துக்குப் படகேறும் துறையொன்றில் பயணிகள் வெயிலில் நிற்பதைத் தவிர்க்க ஒரு நிழற்கூரை அமைப்பது பற்றி உரியவர்களைச் சந்தித்துப் பேசுவதே அந்த அலுவல். அவர் இன்னும் சந்திக்கவில்லை. சிறு தண்டப்பணம் உண்டியலில் விழுந்தது. எல்லோரும் சிரித்தனர். ஆனால், அடுத்த கிழமை தவறாது சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று நாம் ஆற்றிய உரை எவருக்கேனும் பயன்பட்டதோ நாமறியோம். எமக்குப் பயன்பட்டது அந்தக் கேள்விதான். கடந்த பல ஆண்டுகளாக எமது சுற்றுலாத்துறை பற்றி நடைபெற்ற மாநாடுகள், கருத்தரங்குகள், அடிக்கல் நாட்டு விழாக்கள் ஆகியவற்றில் எத்தனையோ தீர்மானங்கள் வாசிக்கப்பட்டதை நாம் கேட்டிருக்கிறோம். ஏழு நாட்களின் பின்னர் அதே இடத்தில் அதே மனிதரிடம் "என்ன மாதிரி?" என்று கேட்கப்பட்டதை மட்டும் கேட்டதில்லை.

சேவைக் கழகங்களின் வாரக் கூட்டம் என்பது தேநீரும் சிற்றுண்டியும் கலந்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் எம்மத்தியில் உள்ளனர். அதன் வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. 1905 பெப்ரவரி 23ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி தம் நண்பர்கள் மூவருடன் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்ததே றோட்டரிக் கழகம். அங்கத்தவர்களின் அலுவலகங்களில் மாறி மாறிச் சுழன்று கூடியமையால் அதற்கு அப்பெயர் வந்தது. அதே நகரில் 1917இல் லயன்ஸ் இயக்கம் உருவானது. இலங்கையில் கொழும்பு றோட்டரிக் கழகம் 1929இல் தோன்றியது. பின்னர் யாழ்ப்பாணம் உட்பட நாட்டின் பல பாகங்களுக்கும் இத்தகைய கழகங்கள் பரவின.

இக்கழகங்களின் பழைய விதிகளில் இரண்டு இங்கு கவனத்துக்குரியவை. ஒரு கழகத்தில் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் நிறைந்துவிடலாகாது என்பது முதலாவது. ஊரில் உள்ள தொழில்கள் யாவும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம். வைத்தியர், வணிகர், பொறியியலாளர், ஆசிரியர் என்று பலரும் ஒன்றுகூடும்போது ஒருவருக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, வருகை பற்றியது. தம் கழகக் கூட்டத்தைத் தவறவிட்டவர், தாம் செல்லும் வேறு ஊரிலுள்ள கழகத்தின் கூட்டத்தில் பங்குபற்றி அதை ஈடுசெய்யலாம். இதனால் எந்த நாட்டுக்குப் பயணம் போனாலும் றோட்டரி அங்கத்தவருக்கு அங்கே ஒரு நாற்காலி காத்திருந்தது. வந்தவரும் வரவேற்றவரும் தத்தம் கழகத்தின் சிறு கொடிகளைப் பரிமாறிக்கொள்வர். வந்தவரை ஊரோடு சேர்த்துவைக்கும் இந்த ஏற்பாடு, சுற்றுலாத்துறை என்ற சொல் எம்மிடையே புழக்கத்துக்கு வருமுன்னரே நடைமுறையில் இருந்த உபசரிப்பு எனலாம்.

காலம் மாறியுள்ளது. 2016இல் றோட்டரி தன் விதிகளைத் தளர்த்தி, மாதத்துக்கு இரண்டு கூட்டங்களேனும் நடந்தால் போதும் என்று கழகங்களுக்கு இடமளித்தது. ஆயினும் குறித்த நாளில் தவறாது கூடும் பழக்கத்தின் வலிமையை உலகம் ஒரு விடயத்தில் கண்டுகொண்டது. இளம்பிள்ளை வாதத்துக்கு எதிராக 1979இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய றோட்டரியின் முயற்சி 1985இல் உலகளாவிய திட்டமாயிற்று. இலங்கையில் யுத்தம் உக்கிரமாக இருந்த 1990களில், சொட்டு மருந்து வழங்குவதற்காகக் குறித்த நாட்களில் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யுனிசெஃப் நிறுவனத்துடன் றோட்டரி அங்கத்தவர்களும் அதற்காகப் பாடுபட்டனர். 1993இன் பின்னர் இந்நாட்டில் போலியோ நோயாளர் எவரும் இனங்காணப்படவில்லை. 2014 மார்ச் 27ஆம் திகதி தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஒரே நாளில் முடியாத காரியத்தை, பல்லாண்டு காலம் கைவிடாத கூட்டங்களால் முடிக்கலாம் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இனி எமது குடாநாட்டின் சுற்றுலாத்துறைக்கு வருவோம். அதன் கதை, திறப்பதும் மூடுவதுமான கதவுகளின் கதையாகவே இருந்துவந்துள்ளது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றுபோனது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக வந்தனர். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அதன் பின்னர் வீதி மீண்டும் திறந்தது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி ரயில் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தது. 2015 ஜனவரியில் அது காங்கேசன்துறை வரை சென்றது.

கதவுகள் திறக்கத் தொடங்கிய பின்னரும் அடிகள் ஓயவில்லை. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020இல் கொரோனாப் பெருந்தொற்று, 2022இல் பொருளாதார நெருக்கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2021இல் நாடு முழுவதற்கும் வந்தோர் தொகை 1 இலட்சத்து 94 ஆயிரமாகச் சுருங்கியது. 2024இல் அது 20 இலட்சத்து 53 ஆயிரமாக உயர்ந்தது. நாட்டளவில் இது மீட்சியென்றே கொள்ளத்தக்கது. வடக்கிலும் அதன் அறிகுறிகள் தெரிந்தன. 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்திலிருந்து, பெருந்தொற்றால் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை சில நாட்களிலேயே நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி வேறொரு கப்பலுடன் அது மீண்டும் தொடங்கியது.

ஆனால், கதவு திறப்பது வேறு. உள்ளே வந்தவர் தங்கிச் செல்வது வேறு. தெற்கிலிருந்து பஸ்களில் வரும் யாத்திரிகர் பலர் விடியற்காலை வந்திறங்கி, நயினாதீவுக்குச் சென்று, நாகபூசணி அம்மன் ஆலயத்தையும் நாகதீப விகாரையையும் தரிசித்து, நூலகத்தையும் கோட்டையையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடுகின்றனர். சமையல் பாத்திரமும் அரிசியும்கூட அவர்களுடனேயே வருவதுண்டு. அவர்களிடம் நாம் குறைகாண முடியாது. குறை எமது பக்கத்தில் உள்ளது. பயணி ஒருவர் ஓர் இரவு தங்கினால் அறை வாடகை மட்டுமன்றி, காலையுணவு, முச்சக்கரவண்டி, சந்தை, பனம்பண்டம், மீன் என்று பத்துக் கைகளுக்குப் பணம் போகும். அவர் தங்காது போனால், குப்பை மட்டுமே எஞ்சும்.

ஏன் தங்குவதில்லை? அடுத்த நாள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. நெடுந்தீவின் குதிரைகளும் பவளக்கற்களால் கட்டப்பட்ட மதில்களும், கந்தரோடையின் தொல்பொருட் சின்னங்களும், ஆழங்காண அரிய நிலாவரைக் கிணறும், கீரிமலைக் கேணியும், மணற்காட்டு மணல்மேடுகளும், ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலில் நிற்கும் கோட்டையும், காரைநகர் கசூரினாக் கடற்கரையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பவையல்ல. ஆனால், நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குத் திரும்பும், கடல் கொந்தளித்தால் யாரிடம் விசாரிப்பது என்பவற்றை மும்மொழியிலும் தெளிவாக எழுதிவைத்த ஒரு பலகையே பயணிக்கு முதல் தேவை. மலசலகூடம், குடிநீர், நிழல், உயிர்காப்பு அங்கி ஆகியன அடுத்த தேவைகள். இவற்றுள் எதற்கும் கோடிக்கணக்கான ரூபா வேண்டியதில்லை. யாரேனும் ஒருவர் கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அவ்வளவே.

இது மாநகரசபையினதும் பிரதேச சபைகளினதும் கடமையல்லவா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஐயமின்றி அவர்களது கடமையே. ஆயினும் 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர் அதற்கான தேர்தல் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதியே மீண்டும் தேர்தல் நடந்தது. மக்களால் தெரிவானவர்கள் இல்லாத அத்தகைய இடைவெளிகளில், ஓர் ஊரின் பொதுக்காரியங்களைத் தொடர்ந்து கவனிக்கும் அமைப்புகள் இருப்பதும் இல்லாதிருப்பதும் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தும். சேவைக் கழகம் சபைக்கு மாற்றாகாது. சபையின் வாயிற்கதவைத் தட்டும் கையாக அது இருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எமது சேவைக் கழகங்கள் பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் பழகிவிட்டன என்ற முணுமுணுப்பு ஊரில் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. நூறு கதிரைகள் அன்பளிப்புச் செய்த செய்தி படத்துடன் எமது மேசைக்கு வருகிறது. அவற்றில் எத்தனை கதிரைகள் ஆறு மாதங்களின் பின்னர் உடையாதிருக்கின்றன என்ற செய்தி வருவதில்லை. மேலும், தொழில்கள் யாவும் ஒரே மேசையில் அமரவேண்டும் என்ற பழைய விதி எம்மிடம் எவ்வளவு பேணப்படுகிறது? படகோட்டி அங்கே இருக்கிறாரா? முச்சக்கரவண்டிச் சாரதி இருக்கிறாரா? வீட்டில் இரண்டு அறைகளை ஒதுக்கிப் பயணிகளுக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் பெண் இருக்கிறாரா? றோட்டரி உலகளாவிய ரீதியில் பெண்களுக்குத் தன் கதவைத் திறந்ததே 1989இல்தான். யுத்தத்தால் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் பெண்கள் இத்தனை பேர் வாழும் எம் மண்ணில், அந்தக் கதவு இன்னும் அகலத் திறக்கப்பட வேண்டும்.

அந்த மேசையில் இருக்க வேண்டிய இன்னொருவரும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ். நகரின் முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் அவ்வாறு வேரறுக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாக ஒரு தலைமுறையைக் கழித்தனர். சோனகதெருவும் ஐந்து சந்தியும் அதுவரை வணிகத்தாலும் தையலாலும் இரும்புக் கடைகளாலும் உணவகங்களாலும் கலகலத்த இடங்கள். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அசீஸ் பிறந்த மண் அது. 2009இன் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். கூரையற்ற வீடுகளும் முடிவற்ற காணிப் பிரச்சினைகளும் அவர்களை எதிர்கொண்டன. மீட்சி என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது, யாருடைய மீட்சி என்ற கேள்வியும் கூடவே எழவேண்டும். ஒஸ்மானியாக் கல்லூரி வீதியில் மீண்டும் விளக்கெரியாமல் கோட்டை மதிலுக்கு மாத்திரம் ஒளியூட்டுவது மீட்சியாகாது.

இது நீதியின் கோரிக்கை மட்டுமன்று, தொழிலறிவின் கோரிக்கையுமாகும். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகின்றன. ஹலால் உணவு எங்கே கிடைக்கும், தொழுகைக்கு எங்கே செல்வது என்பவை அவர்களது முதற் கேள்விகள். அவற்றுக்கு விடைசொல்லத் தகுதியானவர்கள் எம் நகரிலேயே இருக்கின்றனர். கப்பல் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கேசன்துறையிலிருந்து சுமார் நான்கு மணி நேரத்தில் நாகப்பட்டினம். அதற்கு வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி, மேற்கே சிக்கல் முருகன் ஆலயம். சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே கப்பலில் ஏறி, ஒரே துறையில் இறங்கி, தத்தம் தலங்களுக்குப் பிரிந்து சென்று, ஒரே கப்பலில் திரும்பலாம். இந்தப் பயணத்தை மூன்று சமூகத்தவரும் சேர்ந்து ஒழுங்குசெய்யக்கூடிய மேசை எது? வாரந்தோறும் கூடும் கழகத்தின் மேசை அதற்கு ஏற்றதல்லவா?

உபசரிப்புக்கும் எல்லைகள் உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீரைச் சுண்ணாம்புக்கற் படைகள் தேக்கிவைக்கின்றன. அதையே கிணறுகளில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் ஏறும். கழிவுநீரைக் கவனியாது விட்டால் அதே கிணற்றுக்கு அது திரும்பும். ஆகவே புதிய விடுதிகள் எழும்போது அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னர், கழிவுநீர் எங்கே போகிறது என்பதைக் கேட்க வேண்டும். அவ்வாறே, இங்குள்ள பல இடங்கள் வெறும் காட்சிப் பொருட்களல்ல. 1981இல் 97 ஆயிரம் நூல்களுடன் எரிக்கப்பட்ட நூலகம், வாசகரின் அமைதிக்குரிய இடம். அதன் வாசலில் நின்று படம் எடுப்பவருக்கு அதன் கதையைப் பண்போடும் மறைக்காமலும் சொல்லவல்ல இளைஞர்கள் எமக்குத் தேவை. பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழியும் கற்ற இளைஞர் எத்தனையோ பேர் வேலையின்றி இருக்கின்றனர். அவர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்குவது ஒரு கழகத்தின் ஓராண்டுத் திட்டமாகலாம்.

1932இல் ஹேர்பேட் டெய்லர் என்ற வணிகர், நலிந்துபோன தம் நிறுவனத்தை நிமிர்த்துவதற்காக நான்கு கேள்விகளை வகுத்தார். பின்னர் றோட்டரி அவற்றைத் தன் அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. செய்யும் காரியம் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நீதியானதா என்பது அவற்றுள் ஒன்று. சுற்றுலாத் திட்டம் ஒவ்வொன்றையும் இந்த ஒரு கேள்வியால் உரைத்துப் பார்த்தாலே போதும். பயணிக்கு நீதியா? படகோட்டிக்கு நீதியா? காணியை இழந்து இன்னும் திரும்பப் பெறாத வலிகாமம் வடக்குக் குடும்பத்துக்கு நீதியா? புத்தளத்திலிருந்து திரும்பிவந்த முதியவருக்கு நீதியா? நாளை இதே கிணற்றில் நீரள்ளப் போகும் பிள்ளைக்கு நீதியா?

ஓராண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரங்கள். குடாநாட்டில் உள்ள சேவைக் கழகம் ஒவ்வொன்றும் ஒரு துறைமுகப்படியையோ ஒரு கடற்கரையையோ ஒரு வீதியையோ பொறுப்பெடுத்து, வாரந்தோறும் ஒரு சிறு வேலையை முடித்தால், ஆண்டு முடிவில் என்ன மாற்றம் நிகழும் என்பதைக் கணக்கிட எமக்குப் பெரிய நிபுணர்கள் வேண்டியதில்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் நகரம் எவ்வளவு ஒழுங்காக இயங்குகிறது என்பதை நாமே ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த ஒழுங்கு எமக்குத் தெரியாத வித்தையல்ல. அதை எஞ்சிய நாட்களுக்கும் நீட்டிப்பதே எம்முன் உள்ள வேலை.

நாம் கலந்துகொண்ட கூட்டத்துக்கு அடுத்த கிழமை, அந்த நிழற்கூரை பற்றி என்ன பதில் கிடைத்தது என்று விசாரித்தோம். அங்கத்தவர் அதிகாரியைச் சந்தித்திருக்கிறார். எழுத்தில் விண்ணப்பம் கேட்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தை யார் எழுதுவது என்பது தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. கூரை இன்னும் எழவில்லை. எனினும் அடுத்த வாரமும் அந்தக் கேள்வி கேட்கப்படும். எமது மாவட்டச் செயலகத்திலும் மாநகரசபையிலும், பெரிய மாநாட்டு மண்டபங்களிலும் அதே கேள்வி அதே ஒழுங்கோடு கேட்கப்படும் நாளே, இந்த மண்ணின் சுற்றுலாத்துறை உண்மையாக மீண்ட நாளாக இருக்கும்.